மோல்டிங், பீடிங், கார்னிஸ்: கேட்டதும் சொன்னதும்

காவேரிப்பட்டணத்தில் மரவேலை, அப்பா காலத்துப் பட்டறை. சுவரில் கோடு கோடாக மோல்டிங் என்று பட்டை ஒட்டுகிறார்களே, நம் ஊர் வீட்டுக்கு அது சரிப்படுமா என்று ஆளாளுக்குக் கேட்டு வைத்திருக்கிறீர்கள், இன்று பட்டறை லீவு, மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: பெயிண்டர் சொல்லும் பட்டி (சுவரைச் சமன் செய்யப் பூசும் மாவு) வேறு, கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் மெல்லிய மரப் பட்டி வேறு. மரத்தை நான் பீடிங் என்றே எழுதுகிறேன்.

தருமபுரி: அண்ணா, இதெல்லாம் வெள்ளைக்காரன் பாணி இல்லையா? நம் வீட்டில் ஒட்டாமல் தெரியாதா?

உங்கள் ஊர் கோட்டைக் கோயிலுக்குப் போகும்போது கொஞ்சம் குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள். கோயில் கட்டுகிறவர்கள் ஜகதி, குமுதம், பட்டிகை என்று அடுக்கடுக்காகப் பேர் வைத்திருக்கிறார்கள், மேலே கூரை விளிம்பில் வளைந்து இறங்குவது கபோதம். அது அழகுக்கு மட்டும் இல்லை, மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழவும்தான். பாட்டி வீட்டில் சுவர் அடியில் காவிப் பட்டை அடித்திருப்பார்களே, துடைப்பமும் சேறும் படுகிற இடத்தை மறைக்கிற அதுவும் ஸ்கர்டிங்தான். இரண்டு பொருள் சேருகிற இடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான் விஷயம். தரையும் சுவரும், சுவரும் சீலிங்கும், நிலையும் பூச்சும். அங்கே போட்டால் எந்த ஊர் பாணியும் ஒட்டும். வெறும் சுவர் நடுவில் காரணமில்லாமல் ஒட்டினால்தான் கல்யாண மண்டப மேடை மாதிரி ஆகிவிடுகிறது.

காரிமங்கலம்: ஹால் 12க்கு 16, சீலிங் 10 அடி. 8 அங்குல கார்னிஸ் போட்டால் அரண்மனை மாதிரி இருக்கும் என்கிறார் வேலை எடுத்தவர். போடலாமா சார்?

கார்னிஸ் என்பது சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் ஓடும் பட்டை, அதற்கு 8 வேண்டாம். 10 அடி உயரத்துக்கு 4 அங்குலம், மிஞ்சிப்போனால் 5. அதற்கு மேல் போனால் சீலிங் தலையில் இறங்கின மாதிரி தெரியும். அளவை விட, ஹாலுக்குள் பீம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கார்னிஸ் சுவரோடு ஓடிப் பீமில் முட்டி மடங்கி, மறுபக்கம் திரும்ப வர வேண்டும், மூலை கூடிக்கொண்டே போகும், ஆளின் கை லட்சணம் மூலையில்தான் தெரியும்.

நம் வீடுகளில் எந்த மூலையும் சரியாக 90 டிகிரி இல்லை. சந்தேகமிருந்தால் மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து இரண்டு குறிக்கும் நடுவே டேப்பைப் பிடியுங்கள், 5 அடி வந்தால்தான் மூலை 90. வராத மூலையில் இரண்டு துண்டையும் 45 டிகிரி வெட்டிச் சேர்த்தால் வாய் பிளக்கும், அதில் பட்டியை அப்பி மூடுவார்கள், 6 மாதத்தில் கீறல் விடும். மரத்தில் செய்வதென்றால் உள்மூலைக்கு நாங்கள் வேறு மாதிரி செய்வோம்: முதல் துண்டை நேராகச் சுவர்வரை முட்டவிட்டு, இரண்டாவது துண்டின் முனையை முதல் துண்டின் வளைவு அப்படியே வருகிற மாதிரி மெல்லிய ரம்பத்தால் அறுத்து அதன் மேல் உட்கார வைப்போம். மூலை 88 ஆனாலும் 92 ஆனாலும் சந்து தெரியாது. நேரம் பிடிக்கும், கூலியும் கூடும், அதனால்தான் யாரும் தாமாகச் சொல்வதில்லை. நீங்கள் கேளுங்கள்.

அரூர்: 10க்கு 12 ரூமுக்கு எத்தனை பீஸ் வாங்கணும்?

சுற்றளவு 44 அடி. ஸ்கர்டிங் என்றால் கதவுக்கு 3 அடி கழித்து 41, வெட்டுச் சேதாரம் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 45. பீஸ் 8 அடி என்றால் 6 பீஸ். கார்னிஸுக்குக் கதவைக் கழிக்காதீர்கள், 44ம் சேதாரமும் சேர்த்து 48க்கு மேல் வரும், 7 பீஸ். எல்லாம் ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த லோடில் வருவது அரை மில்லி வித்தியாசம் காட்டும்.

கிருஷ்ணகிரி: டிவி சுவரில் கட்டம் கட்டமாக மோல்டிங் ஒட்ட ஆசை அண்ணா. அளவு எப்படிப் பிரிப்பது?

சுவர் 12 அடி என்று வைப்போம், 144 அங்குலம். 3 கட்டம் போட்டால் இடைவெளி 4 வரும், ஒவ்வொன்றும் 6 அங்குலம் விட்டால் 24 போயிற்று, மீதி 120, ஆகக் கட்டம் ஒன்றுக்கு 40. கட்டம் ஒற்றைப்படையில் இருந்தால் டிவி நடுக் கட்டத்தில் உட்காரும். ஒட்டுவதற்கு முன்னால் சாக்பீஸில் வரைந்துவிட்டு இரண்டு நாள் சும்மா பாருங்கள், ஸ்விட்ச் பாக்ஸ் எந்தக் கோட்டில் மோதுகிறது என்று அப்போதுதான் தெரியும். மோதினால் கட்டத்தை நகர்த்துங்கள், பாக்ஸைச் சுற்றி மோல்டிங்கை வெட்டாதீர்கள், பல் விழுந்த மாதிரி இருக்கும். ரசமட்டம் வைத்துத்தான் கோடு போட வேண்டும், சீலிங்கிலிருந்து அளந்து இறக்காதீர்கள், சீலிங்கே சாய்ந்திருக்கும்.

ஊத்தங்கரை: எம்டிஎஃப் ஸ்கர்டிங் போட்டோம், அடியில் ஊறிப் புடைத்துவிட்டது. என்ன தப்பு?

எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, வாளித் தண்ணீர் ஊற்றித் துடைக்கிற வீட்டில் அது தரையைத் தொடவே கூடாது. சுவரே ஈரமாக இருக்கலாம், உப்புப் பூக்கிறதா என்றும் பாருங்கள். நானே ஏமாந்திருக்கிறேன்: ஒரு வீட்டில் பூச்சு காய்ந்துவிட்டது என்று கையால் தடவிப் பார்த்த தைரியத்தில் தேக்கு ஸ்கர்டிங் அடித்தேன், இரண்டே மாதத்தில் பின்பக்கம் பூசணம் பிடித்துப் பட்டை வில்லாக வளைந்துவிட்டது. கழற்றி என் செலவில் திரும்ப அடித்தேன். அதிலிருந்து ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்காமல் ஆணியை எடுப்பதில்லை. தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் சுவர் இன்னும் காயவில்லை. உங்களுக்கு இனி டைல் அல்லது கல் ஸ்கர்டிங்தான் நல்லது.

பர்கூர்: கிரானைட் வெட்டின மிச்சத் துண்டுகள் நிறைய இருக்கின்றன. பயன்படுமா?

கல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் தேடுகிறார்களே என்று எனக்கே வருத்தம்! 4 அங்குலப் பட்டையாக அறுத்து மேல் விளிம்பை லேசாக உருட்டினால் அருமையான ஸ்கர்டிங். ஜன்னல் அடிக்கல்லுக்கு அரைவட்ட விளிம்பு கொடுங்கள், சுவரை விட ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டி, நீட்டின பகுதியின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி (பள்ளக்கோடு) இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டி உள்ளே வராமல் சொட்டிவிடும், சுவரில் கறுப்புக் கண்ணீர் வழியாது. கபோதம் பார்க்கிற அதே வேலைதான்.

பாலக்கோடு: தாத்தா காலத்து ஓட்டு வீடு, நிலையில் தாமரை, கொடி எல்லாம் செதுக்கியிருக்கிறது, மேலே நாலைந்து கோட் பச்சை எனாமல். கிரைண்டர் போட்டு உரிக்கலாமா மாமா?

கிரைண்டரைத் தொடாதீர்கள், தாமரை இதழ் இருக்காது. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் போகும், குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம். பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, மூங்கில் சீவலாலும் பழைய பல் பிரஷாலும் சுரண்டி எடுங்கள். கையுறையும் முகமூடியும் கட்டாயம், கதவு ஜன்னல் திறந்தே இருக்கட்டும், சுரண்டினதை அள்ளிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். நிலை ஒன்றுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். அந்த நிலை இருக்கும்போது வீட்டில் வேறு மோல்டிங் எதுவும் வேண்டாம், அது ஒன்றே போதும்.

ஓசூர்: வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் ஓனர்.

டபுள் டேப்பும் வேண்டாம், கழற்றும்போது பெயிண்டோடு வரும், அட்வான்ஸில் பிடிப்பார்கள். ஓனரிடம் கேட்டுவிட்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, சுவர் நிறத்திலேயே ஒரு படி அழுத்தமாக 2 அங்குலக் கோடு வரையுங்கள். டேப்பைப் பெயிண்ட் முழுக்கக் காய்வதற்கு முன்னால் உரியுங்கள்.

பென்னாகரம்: மாமியார் "இதையெல்லாம் யார் துடைக்கிறது" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அவர் சொல்வது சரிம்மா. காடி காடியாக இருக்கிற டிசைன் எல்லாம் தூசிக்கூடு, அடுப்படி பக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். அடுப்படியில் போடவே வேண்டாம், ஹாலுக்கு ஒரே வளைவு உள்ள பட்டை எடுங்கள், ஒரு தடவை ஈரத்துணி இழுத்தால் போதும்.

தேன்கனிக்கோட்டை: மோல்டிங்குக்கு என்ன கலர்? சுவருக்கு வேறு, அதற்கு வேறா?

சின்ன ரூம் என்றால் இரண்டுக்கும் ஒரே கலர், மோல்டிங்குக்கு மட்டும் கொஞ்சம் பளபளப்பு கூடின பெயிண்ட். பெரிய ஹால் என்றால் வெள்ளை. கோல்டு மட்டும் கேட்காதீர்கள், நான் அடித்துத் தர மாட்டேன்.