சபையின் வாராந்திரக் குடும்ப விருந்தும் பிள்ளைகளின் கைவேலையும்: கேள்வி பதில்

எங்கள் சபையில் வாரம் ஒரு மாலை நடக்கும் குடும்ப விருந்தை 11 ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். சமையல் கட்டில் தொடங்கினேன். இப்போது மேசையில் ஒட்டிய பசையைச் சுரண்டுவதே பெரும்பாலும் என் வேலை. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, வாராவாரம் நடத்தத்தான் வேண்டுமா? மாதம் ஒருமுறை போதாதா?

போதும். 2004இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அருகே தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'மெஸ்ஸி சர்ச்' கைவேலை, வழிபாடு, சாப்பாடு மூன்றையும் ஒன்றாக நடத்துகிறது. அதுவும் பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான். வாராவாரம் கூடினால், ஒருவர் வராதபோது அந்த வாரமே தெரிந்துவிடும். ஆனால் ஒரே நான்கு பேரை எப்போதும் அடுப்படியில் நிறுத்தினால் ஐந்தாம் மாதம் அவர்களையே தேட வேண்டியிருக்கும். மூன்று குழுவாவது தேறினால் வாராவாரம் நடத்துங்கள்.

மாலை 4 மணிக்கே சமைத்துவிடுகிறோம். ஜெபம் முடிந்து பரிமாற 7 மணி ஆகிறது. கெட்டுவிடுமா?

கெட்டது நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாமலே போகலாம், அதுதான் சிக்கல். ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருங்கள்; இல்லாவிட்டால் 2 மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதியிலும் சாகாமல் இருக்கும். ஆறிய சோற்றில் அது உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

மிச்சத்தைப் பெரிய பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை வைத்தோம். மறுநாள் காலை ஓரமெல்லாம் சில்லென்று, நடுவில் இளஞ்சூடு. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி ஆறவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஒவ்வாது. அவனுக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் போதுமா?

போதாது, ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்திலும் போய்வந்தால் தனிச்சமையல் வீண். கடுமையான ஒவ்வாமை என்றால் அந்த மாலைக்கு வேர்க்கடலையே வேண்டாம். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் சேர்ந்த பொருள்களை எழுதி வையுங்கள். 'கொஞ்சம்தானே' என்று சமாதானம் சொல்பவரைப் பரிமாற விடாதீர்கள்.

சகோதரி, 2 வயதுக் குழந்தையும் 10 வயதுப் பையனும் ஒரே மேசையில் இருந்தால் என்ன கைவேலை கொடுப்பது?

ஒரே பொருளை இருவருக்கும் கொடுங்கள், வேலையை மட்டும் மாற்றுங்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்று போதும்: சிறியவள் கிறுக்கட்டும், பெரியவன் வெட்டி நோவாவின் பேழை கட்டட்டும். மணி, பொத்தான், சிறு காந்தம் ஆகியவை 3 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கைக்கு எட்டவே கூடாது. டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். மேசை போடும்போது ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொள்வேன். பசையைச் சூட்டில் உருக்கி ஒட்டும் குளூ கன் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். இடக்கைக் கத்தரிக்கோல் குறைந்தது இரண்டு வாங்குங்கள். 'இவனுக்கு வெட்டவே வராது' என்று பேர் வாங்கிய பிள்ளைக்குப் பல நேரங்களில் அதுதான் குறை.

ஜிகினாத்தூளை நான் தடை செய்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போதகரின் அங்கி மின்னுவதைப் பார்த்தால் நீங்களும் செய்வீர்கள்.

இன்னொன்று: மாதிரி செய்து முன்னால் வைக்காதீர்கள். வைத்தால் அம்மாக்கள் பிள்ளை கையிலிருந்து பிடுங்கி, மாதிரியைப் போலவே ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாசலில் காணிக்கைப் பெட்டி வைக்கலாமா? செலவு கட்டுப்படியாகவில்லை.

வாசலில் வேண்டாம். கையில் காசில்லாதவர் பெட்டியைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். கொரிந்து சபையைப் பவுல் கடிந்துகொண்டது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான்: கூடிச் சாப்பிடும் இடத்தில் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். பெட்டியை உள்ளே, யாரும் பார்க்காத மூலையில் வையுங்கள். பரிமாறுகிறவர்களும் தட்டோடு வந்து நடுவில் உட்காரட்டும். மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தால் அது அன்னதான வரிசையாகிவிடும்.

பெற்றோர் சாப்பிடும்போது பிள்ளைகளை ஒரு தொண்டர் பார்த்துக்கொண்டால் போதுமா?

இரண்டு பேர், எப்போதும். நெருங்கிய உறவினர்களாக இல்லாமல் இருந்தால் நல்லது. அறைக்கதவு திறந்தே இருக்கட்டும். எத்தனை ஆண்டுகள் பழகியவர் என்றாலும் இதில் விலக்கு கிடையாது.

பிள்ளைகள் செய்ததைப் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். குப்பையில் போடலாமா?

அடுத்த வாரம்வரை ஒரு பெட்டியில் வைத்திருங்கள், பேர் எழுதி. சென்ற மாதம் ஒரு சிறுமி, காலில்லாத ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடிக்கொண்டு உணவறைக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். நல்ல வேளை, இருந்தது.