வேரா, வாசலா, எல்லையா?

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கோத்தகிரி. பிளஸ் டூ படிக்கும் என் மகள், மலைப் புல்வெளிகளை மூடிவரும் சீகை (வாட்டில்) மரங்களை அகற்றுவது பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். 'எக்ஸ்டெர்மினேட்' என்று போட்டதை டீச்சர் அடித்துவிட்டு 'எராடிகேட்' என்று எழுதியிருக்கிறார். அகராதியில் இரண்டுக்கும் 'ஒழித்தல்'தான். எலிமினேட், அனிஹிலேட், அபாலிஷ் என்று எதைப் பார்த்தாலும் அதேதான். அப்புறம் எதைப் போட்டால் என்ன?

பதில்: டீச்சர் திருத்தியது சரி. ஆனால் காரணத்தையும் சொல்லியிருந்தால் உங்கள் மகளுக்கு அது மறக்கவே மறக்காது, ஏனென்றால் அந்தக் காரணம் உங்கள் ஊர்த் தோட்டத்திலேயே இருக்கிறது. லத்தீனில் 'ராடிக்ஸ்' என்றால் வேர். முள்ளங்கிக்கு ஆங்கிலத்தில் ராடிஷ் என்கிறோமே, அதுவும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஈர மண்ணில் முள்ளங்கியைப் பிடித்து இழுத்தால் முழுசாக வெளியே வரும் பாருங்கள், அதுதான் எராடிகேட். சீகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. மரத்தை வெட்டிவிட்டு வந்தால் போதாது, வேரிலிருந்து கன்று கிளம்பும், மண்ணுக்குள் கிடக்கும் விதை பல வருஷம் கழித்தும் முளைக்கும். வெட்டிய இடத்தையே நாலு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தமிழில் நாம் 'வேரோடு', 'பூண்டோடு' என்று சேர்த்துச் சொல்வதும் இதற்காகத்தான்.

எக்ஸ்டெர்மினேட்டில் இருப்பது 'டெர்மினஸ்', அதாவது எல்லை. முதலில் எல்லைக்கு வெளியே துரத்துவது என்றுதான் பொருள், பிறகு கூண்டோடு கொல்வது என்று ஆகிவிட்டது. எலி, கரப்பான் என்றால் போடலாம். மனிதக் கூட்டத்தையே கொன்று தீர்த்த கொடுமைக்கும் இந்தச் சொல் வரும். அதனால் மரத்துக்கு இது ஒட்டாது.

எலிமினேட்டில் இருப்பது வாசற்படி, லத்தீனில் 'லிமென்'. படிக்கு வெளியே தள்ளிவிட்டோம், ஆனால் அது வெளியே எங்கோ இருக்கிறது. மருத்துவத்தில் இந்த வித்தியாசத்தை ரொம்பக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று 1980இல் அறிவித்தார்கள், அது எராடிகேட். மாடுகளைக் கொன்ற வெக்கை நோய்க்கு 2011இல் அதே சொல். இந்தியாவில் போலியோ இல்லை என்று 2014இல் சான்று கிடைத்தது, ஆனால் வேறு நாடுகளில் இருந்ததால் நம்மைப் பொறுத்தவரை அது எலிமினேட்தான். 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிலையம் எத்தனையோ காலமாக வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர் பெற்றது. அந்த நோயால் மனிதர்கள் சாவதை நிறுத்தும் முயற்சிக்கும் எலிமினேட் என்றே எழுதுகிறார்கள். காட்டு விலங்குகளிடமும் அந்தக் கிருமி இருக்கிறதே, அதை எப்படி வேரோடு பிடுங்குவது?

அபாலிஷ் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் மட்டும்: ஜமீன்தாரி, அடிமை முறை. அனிஹிலேட்டில் 'நிஹில்', ஒன்றுமில்லாமல் ஆக்குவது. பள்ளிக் கட்டுரையில் அவ்வளவு பெரிய சொல் வேண்டாம். உங்கள் மகள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது: ஆப்ளிட்டரேட். அதற்குள் எழுத்து என்ற சொல் இருக்கிறது. எழுதியதை அடையாளம் தெரியாமல் அழிப்பது. புல்வெளி முழுக்கச் சீகை மூடி, அங்கே புல்வெளி இருந்ததே தெரியாமல் போன சரிவுகளுக்கு இதைத் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: உறைபனியில் தேயிலை கருகியதை ஆங்கிலப் பேப்பரில் 'டெசிமேட்' என்று போட்டிருந்தார்கள். முழுசாக அழிந்தது என்று அர்த்தமா? (குன்னூர் வாசகர்)

பதில்: இல்லை. ரோமாபுரிப் படையில் ஒரு பிரிவு தவறு செய்தால் பத்துப் பேருக்கு ஒருவர் என்று சீட்டுப் போட்டு எடுத்து, கூட இருந்தவர்கள் கையாலேயே கொல்ல வைப்பார்கள். அந்தப் பத்துதான் 'டெசி'. இன்று பெரும்பகுதி அழிந்தால் இதைச் சொல்கிறார்கள், அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் ஏதோ கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும். கவாத்து பண்ணினால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், மறுபடி துளிர்க்கும் தேயிலைக்கு அந்தச் சொல் சரிதான், பக்கத்தில் 'கம்ப்ளீட்லி' மட்டும் சேர்க்காதீர்கள்.