கேள்வி பதில்: டிவியும் ஓடிடியும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில்

கேள்வி: பண்பாடு உறுப்பு நாடுகளின் சொந்த விஷயம், அதில் சட்டங்களை ஒன்றாக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தமே சொல்கிறது. பிறகு டிவிக்குச் சட்டம் போட ஒன்றியத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

பதில்: பண்பாட்டு வாசல் பூட்டித்தான் இருக்கிறது. உள்ளே போனது சந்தை வாசல் வழியாக. இத்தாலியின் பியெல்லாவில் ஒருவர் கேபிள் டிவி நடத்தினார். ஒளிபரப்பு அரசு நிறுவனமான ராயின் ஏகபோகமாக இருந்த காலம் அது. டிவிப் பெட்டிக்கான கட்டணத்தைக் கட்டவில்லை என்று அவர்மேல் வந்த வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 1974 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு: படச்சுருளும் ஒலிநாடாவும் சரக்கு, டிவி சிக்னலை அனுப்புவது சேவை. ராயின் ஏகபோகம் தன்னளவில் குற்றமில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் ‘சேவை’ என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சேவை என்றால் அது எல்லை தாண்டித் தடையின்றிப் போகலாம், அதற்குப் பொது விதி வகுக்கலாம். அதை வைத்து, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 1984-இல் ஒரு பசுமை அறிக்கை (சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வு ஆவணம்) வெளியிட்டது. 1989 அக்டோபர் 3 அன்று ‘எல்லைகளற்ற தொலைக்காட்சி’ டைரக்டிவ் (ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டிய ஒன்றிய விதி) நிறைவேறியது. இன்று ஓடிடிக்கும் வீடியோ தளங்களுக்கும் உள்ள விதிகள் அதன் திருத்த வடிவங்கள்தான். கடைசிப் பெரிய திருத்தம் 2018-இல்.

சந்தை வாசல் வழியாக வந்தவர்கள் சந்தைக் காரணத்தைத்தான் காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் சட்டமே விழும். 1998-இல் புகையிலை விளம்பரத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்க ஒரு டைரக்டிவ் வந்தது. ஜெர்மனி வழக்குப் போட்டது. 2000 அக்டோபர் 5 அன்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓட்டல் மேசையில் உள்ள சாம்பல் கிண்ணத்திலும் வெளியே நிற்கும் குடையிலும் விளம்பரத்தைத் தடுப்பது எல்லை தாண்டிய வணிகத்துக்கு எப்படி உதவும் என்பதுதான் பிரச்சினை. உடல்நலம் நல்ல காரணம்தான், ஆனால் அந்த அதிகாரத்தின் கீழ் அது செல்லாது. 2003-இல் பத்திரிகை, வானொலி, இணையம், எல்லை தாண்டிய ஸ்பான்சர்ஷிப் என்று சுருக்கிக்கொண்டு வந்த புதிய டைரக்டிவ் நின்றது. டிவியில் அந்த விளம்பரம் 1989-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

கேள்வி: ஒரு நாடு தடை செய்த விளம்பரம் பக்கத்து நாட்டுச் சேனல் வழியாக வீட்டுக்குள் வந்தால் என்ன செய்ய முடியும்?

பதில்: பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘மூல நாட்டு விதி’ என்பது இதுதான். சேனல் எந்த நாட்டின் அதிகாரத்தில் இருக்கிறதோ அந்த நாட்டின் சட்டத்தைக் கடைப்பிடித்தால் போதும், பார்க்கிற நாடு மறுபடி சோதனை போடக் கூடாது.

ஸ்வீடனில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குறிவைத்து டிவியில் விளம்பரம் செய்யத் தடை உண்டு. டைனோசர்களைப் பற்றிய ஒரு குழந்தைகள் பத்திரிகையின் விளம்பரம், பிரிட்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஸ்வீடனுக்கு ஒளிபரப்பிய டிவி3-இல் வந்தது. ஸ்வீடனின் நுகர்வோர் அதிகாரி வழக்குத் தொடுத்தார். 1997 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: குழந்தைகளுக்கான அந்தத் தனித் தடையை வெளிநாட்டிலிருந்து வரும் சேனல் மீது பாய்ச்ச முடியாது. விளம்பரம் ஆளை ஏமாற்றுவதாக இருந்தால் மட்டும், எல்லா விளம்பரத்துக்கும் பொதுவான சட்டத்தின் கீழ் விளம்பரதாரர் மீது நடவடிக்கை எடுக்கலாம். விளைவைப் பாருங்கள்: ஸ்வீடனுக்குள் இருந்து ஒளிபரப்பும் சேனலுக்குத் தடை, லண்டனில் அலுவலகம் வைத்த சேனலுக்கு இல்லை. கடுமையான சட்டம் போட்ட நாடு தன் சொந்த நிறுவனங்களைத்தான் கட்டிப்போடுகிறது. இந்த விதியின் பெரிய ஓட்டை இது என்பது எங்கள் கருத்து.

எந்த நாட்டின் அதிகாரம் என்பதை வரிசையாகப் பார்ப்பார்கள். முதலில், தலைமை அலுவலகமும் நிகழ்ச்சி முடிவுகள் எடுக்கும் இடமும் ஒரே நாட்டில் இருக்கிறதா? இல்லையென்றால், நிகழ்ச்சி வேலையைச் செய்யும் ஊழியர்களில் கணிசமானோர் எந்த நாட்டில்? நிறுவனமே ஒன்றியத்துக்கு வெளியே என்றால், சிக்னலைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றும் நிலையம் எங்கே? அதுவும் உள்ளே இல்லாவிட்டால், செயற்கைக்கோள் அலைவரிசை எந்த நாட்டுடையது? போர்டு மாட்டியிருக்கும் முகவரியை மட்டும் வைத்து முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு.

அவசரக் கதவு ஒன்று உண்டு, ஆனால் எளிதில் திறக்காது. வெறுப்பைத் தூண்டுவது, சிறுவர்களைக் கெடுப்பது போன்ற வெளிப்படையான, கடுமையான மீறல் 12 மாதத்தில் குறைந்தது இரண்டு முறை நடந்திருக்க வேண்டும். சேனலுக்கும் அதன் மூல நாட்டுக்கும் ஆணையத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். அதன் பிறகே தற்காலிகமாக நிறுத்தலாம். அது சரியா என்று ஆணையம் முடிவு சொல்லும். 2015-இல் லிதுவேனியா, ஸ்வீடனில் பதிவான ரஷ்ய மொழிச் சேனல் ஆர்டிஆர் பிளானெட்டாவை 3 மாதம் நிறுத்தியது இந்த வழியில்தான். ஆணையமும் அதை ஏற்றது.

கேள்வி: ஓடிடி தளங்களில் 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்புகள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அது மணி நேரக் கணக்கா?

பதில்: இல்லை, தலைப்புக் கணக்கு. ஒரு படம் ஒரு தலைப்பு. தொடரில் ஒவ்வொரு சீசனும் ஒரு தலைப்பு. எபிசோட் எத்தனை என்பது பொதுவாகக் கணக்கில் வராது. ஆணையம் 2020 ஜூலையில் தந்த வழிகாட்டுதல் இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டியலில் 400 படம், 60 தொடர், ஒவ்வொன்றும் சராசரி 4 சீசன். தொடர்கள் 240 தலைப்பு, மொத்தம் 640. அதில் 30 சதவீதம் 192. தொடரை ஒரே தலைப்பாக எண்ணி 460-க்கு 138 போதும் என்று நினைத்தவர் 54 தலைப்பு குறைவாக நிற்பார்.

இன்னொரு சறுக்கல்: ஐரோப்பா முழுவதற்கும் சேர்த்துக் கணக்குக் காட்டுவது. ஒவ்வொரு நாட்டுப் பயனருக்கும் காட்டும் பட்டியலில் தனித்தனியே 30 இருக்க வேண்டும். உரிமம் முடிந்து ஒரு நாட்டில் மட்டும் சில ஐரோப்பியப் படங்கள் இறங்கினால், அந்த நாட்டுப் பட்டியல் மட்டும் கோட்டுக்குக் கீழே போய்விடும்.

பிரிட்டன் வெளியேறிய பிறகும் அதன் தொடர்கள் ஐரோப்பியப் படைப்பாகவே எண்ணப்படுகின்றன. எல்லை தாண்டிய தொலைக்காட்சி பற்றிய ஐரோப்பிய கவுன்சிலின் உடன்படிக்கையில் பிரிட்டன் இருப்பதுதான் காரணம். (ஐரோப்பிய கவுன்சில் ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல, தனி அமைப்பு. பெயர்க் குழப்பத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை.)

30-ஐ எட்டினால் மட்டும் போதாது, கண்ணில் படும்படி வைக்கவும் வேண்டும்: தனிப் பிரிவு, தேடலில் வடிகட்டி, முகப்பு விளம்பரங்களில் ஒரு பங்கு. ஆண்டு வருவாய் 20 லட்சம் யூரோவுக்குக் குறைந்தவர்களுக்கும், பார்வையாளர் பங்கு 1 சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்கும் வழிகாட்டுதல் விலக்குத் தருகிறது. பணம் கேட்பது வேறு கதை. 2018 திருத்தத்துக்குப் பிறகு, வேறு நாட்டில் இருந்துகொண்டு தன் மக்களைக் குறிவைக்கும் தளத்திடமும் ஒரு நாடு முதலீட்டுப் பங்கு கேட்கலாம். பிரான்ஸ் 2021 ஆணைப்படி, அங்கே ஈட்டும் வருவாயில் 20 முதல் 25 சதவீதம் வரை கேட்கிறது. மூல நாட்டு விதியில் தெரிந்தே வைத்த விரிசல் இது.

கேள்வி: மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் என்ற விதி இன்னும் இருக்கிறதா?

பதில்: 2018-இல் போய்விட்டது. இப்போது காலை 6 முதல் மாலை 6 வரை 20 சதவீதம், மாலை 6 முதல் நள்ளிரவு வரை 20 சதவீதம். பகலில் 720 நிமிடத்துக்கு 144, மாலையில் 360-க்கு 72. அந்த 72-ஐ எப்படிப் பிரிப்பது என்பது சேனலின் விருப்பம். செய்திக்கு முன் சிக்கனமாக இருந்துவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் 9 மணிக்குக் கொட்டலாம். சேனலின் சொந்த நிகழ்ச்சி முன்னோட்டமும் ஸ்பான்சர் அறிவிப்பும் இந்தக் கணக்கில் சேராது என்பதால், பார்ப்பவருக்கு 20-ஐ விட அதிகமாகத்தான் தோன்றும். சினிமாவையும் செய்தியையும் 30 நிமிடத்துக்கு ஒரு முறைதான் இடைவெட்டலாம். உறுப்பு நாடுகள் தம் சேனல்களுக்கு இதைவிடக் கடுமையாக விதிக்கலாம். அப்படி விதித்தால் என்ன ஆகும் என்பதை டைனோசர் வழக்கில் பார்த்தோம்.

கேள்வி: டைரக்டிவ், ரெகுலேஷன் – வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: ரெகுலேஷன் அப்படியே எல்லா நாட்டிலும் சட்டம், டைரக்டிவ் என்றால் ஒவ்வொரு நாடும் கெடுவுக்குள் தன் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால்? 2018 திருத்தத்துக்குக் கெடு 2020 செப்டம்பர் 19. தாமதித்த அயர்லாந்துக்கு 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் 25 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. யூடியூப் உட்பட பல பெரிய தளங்களின் ஐரோப்பிய இருப்பிடம் அயர்லாந்து என்பதால், அந்தத் தாமதம் ஒரு நாட்டோடு நின்ற விஷயமில்லை.

கேள்வி: செய்தி நிறுவனத்தின் பதிவைச் சமூக ஊடகம் நினைத்தபோது நீக்க முடியாது என்று புதுச் சட்டம் சொல்கிறதாமே?

பதில்: அவ்வளவு இல்லை. ஐரோப்பிய ஊடக சுதந்திரச் சட்டம் ஒரு ரெகுலேஷன். பெரும்பகுதி 2025 ஆகஸ்ட் 8 முதல் நடைமுறை. அதன் 18-ஆம் பிரிவு தருவது 24 மணி நேர அவகாசம். ஒன்றியத்தில் மாதம் 4.5 கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்துவதாக அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய தளங்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

முதலில் செய்தி நிறுவனம் அந்தத் தளத்தில் தன்னைப் பற்றி அறிவித்துக்கொள்ள வேண்டும்: உரிமையாளர் யார், ஆசிரியர் குழு சுதந்திரமானது, எந்த ஒழுங்குமுறைக்கு உட்பட்டது, செயற்கை நுண்ணறிவு எழுதியதை மனிதர் பார்க்காமல் வெளியிடுவதில்லை. தளம் அதை ஏற்றுக்கொண்டால், தன் விதிமுறையை மீறியதாகச் சொல்லிப் பதிவை நீக்கும் முன் காரணத்தை எழுத்தில் தந்து, பதிலுக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நெருக்கடி காலத்தில் இதைக் குறைக்கலாம். பதில் வந்த பிறகும் நீக்கலாம்.

எங்கே சிக்கும்? அறிவிப்பைத் தளம் ஏற்காவிட்டால் உரிமை தொடங்கவே இல்லை. சட்டவிரோத உள்ளடக்கம் என்று, இணையத் தளங்களுக்கான ஒன்றியச் சட்டமான டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் கீழ் எடுக்கும் முடிவுக்கு இந்த அவகாசம் கிடையாது. பதிவை அழிக்காமல் யாருக்கும் தெரியாதபடி கீழே அமுக்குவதும் சட்டத்தின் வாசகத்தில் அடங்கும். ஆனால் அதைக் கண்டுபிடித்து நிரூபிப்பது யார் என்று கேட்டால் பதில் எளிதில்லை.

கேள்வி: வெளிநாட்டுச் சேனலை நிறுத்துவது இத்தனை கடினம் என்றால், 2022-இல் ரஷ்ய அரசு ஊடகங்களான ஆர்டியும் ஸ்புட்னிக்கும் எப்படி ஒரே நாளில் நின்றன?

பதில்: அது ஊடகச் சட்டமே இல்லை, பொருளாதாரத் தடை. 2022 மார்ச் 1 அன்று ஒன்றியத்தின் அமைச்சர்கள் கவுன்சில் (உறுப்பு நாட்டு அமைச்சர்களின் அவை) வெளியுறவுக் கொள்கை அதிகாரத்தைக் கொண்டு போட்ட ரெகுலேஷன் அது. மூல நாடு, இரண்டு மீறல், எழுத்தில் நோட்டீஸ் எதுவும் தேவைப்படவில்லை. ஆர்டி பிரான்ஸ் வழக்குப் போட்டது. 2022 ஜூலை 27 அன்று ஒன்றியத்தின் கீழ்நிலை நீதிமன்றமான பொது நீதிமன்றம் தடை செல்லும் என்றது.