பெரிய நிறுவனங்களைச் சாராத, வழக்கத்துக்கு மாறான அயர்லாந்து இசைக்குழு எது? அவர்களுடைய புதிய இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

லங்கம். யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

டப்ளின்காரர்கள் நாலு பேர்: சகோதரர்களான இயன் லிஞ்ச், டாரா லிஞ்ச், அப்புறம் ரேடி பீட், கோர்மக் மெக்டியர்மடா. 2014-ல் வந்த தொகுப்பைத் தாங்களே வெளியிட்டார்கள். 2017-லிருந்து ரஃப் டிரேட் வெளியிடுகிறது. அது லண்டனைச் சேர்ந்த சுயாதீன நிறுவனம்.

பாடுவது பெரும்பாலும் பழைய நாட்டுப்புறப் பாட்டுகள். அப்புறம் எங்கே வழக்கத்துக்கு மாறானது என்றால், என் காதுக்கு அது சுருதியில் இருக்கிறது. இயன் வாசிக்கும் இலியன் பைப்ஸ் என்கிற அயர்லாந்துக் குழல் வாத்தியத்தை வாயால் ஊத மாட்டார்கள். ஒரு கையிடுக்கில் துருத்தி, இன்னொரு கையிடுக்கில் காற்றுப்பை. மெட்டு வாசிக்க ஒரு குழல். அதோடு மூன்று சுருதிக் குழல்கள் ஒரே ஸ்வரத்தை மூன்று ஸ்தாயியில் பிடித்துக்கொண்டே இருக்கும். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பின்னணியாக வைத்திருந்த இந்தச் சுருதியை லங்கம் முன்னால் கொண்டுவந்து, ஆர்மோனியம், கான்செர்டினா என்கிற சின்னக் கைத்துருத்திப் பெட்டி, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா எல்லாவற்றையும் அதன் மேல் அடுக்கி, சுவர் மாதிரி எழுப்பிவிடுகிறார்கள்.

'வைல்ட் ரோவர்' என்று ஒரு பாட்டு. மதுக்கடையில் மேசையைத் தட்டிக் கூட்டமாகப் பாடுவது. இருக்கிற காசையெல்லாம் குடித்தே அழித்தவனின் பாட்டு அது. ஆனால் அந்தத் தட்டலில் வார்த்தை யார் காதிலும் ஏறாது. 2019 தொகுப்பின் முதல் பாட்டாக இதை வைத்து, சுமார் 10 நிமிடம், மெதுவாக, தட்டலே இல்லாமல் பாடினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஆள் கண்ணில் தெரிந்தான்.

2023-ல் வந்த 'ஃபால்ஸ் லங்கம்' இன்னும் கனமானது. அதன் முதல் பாட்டில், தன் குழியைத் தோண்டச் சொல்லும் ஒரு பெண்ணின் வார்த்தைகளை ரேடி பீட் வெறும் குரலில் தொடங்குகிறார். எந்த இனிமையும் பூசாத குரல். பாதிக்கு மேல் வார்த்தை நின்றுபோய், அடியில் ஒரு கனத்த அடி விழ ஆரம்பிக்கும். ஒவ்வொரு அடிக்கும் மேலே தந்திகள் கீச்சிட்டு அழும். இதற்குப் பின்னால் இருப்பது 'கீனிங்', அதாவது சாவு வீட்டில் பெண்கள் பாடி அழும் அயர்லாந்து மரபு. பாதிரிமார்கள் எதிர்த்து எதிர்த்து, கிட்டத்தட்ட வழக்கொழிந்துபோனது. நான் இதை ராத்திரி ஹெட்போனில் கேட்டேன். என் அப்பத்தா செத்த அன்று வாசலில் பெரியம்மா எடுத்த ஒப்பாரியின் முதல் இழுப்பு அப்படியே வந்து நின்றது. எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டுதான் மிச்சத்தைக் கேட்டேன்.

பெயர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் லிஞ்ச் என்ற குடும்பப் பெயரை வைத்து 'லிஞ்ச்ட்' என்றுதான் இருந்தார்கள். அந்தச் சொல்லுக்குள் அமெரிக்காவில் கறுப்பினத்தவரை அடித்துத் தூக்கிலிட்ட வரலாறு இருக்கிறது என்று 2016-ல் தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். புதிய பெயர் ஜான் ரைலி பாடிய ஒரு கொலைப் பாட்டிலிருந்து வந்தது. ரைலி 'டிராவலர்' என்கிற நாடோடிச் சமூகத்துக்காரர். வேறெங்கும் கிடைக்காத பாட்டுகள் அவர் மனதில் இருந்தன. நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த டாம் மன்னெல்லி தேடிப்போய் ஒலிப்பதிவு செய்ததால் அவை தப்பின. ரைலி 1969-ல் வறுமையில் இறந்தார். இவ்வளவு பேர் கேட்கும் ஒரு குழு அவர் பாட்டின் பெயரைச் சுமப்பது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது.

'ஃபால்ஸ் லங்கம்', பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வரும் சிறந்த தொகுப்புக்குத் தரும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது, அயர்லாந்தின் சிறந்த தொகுப்புக்கான சாய்ஸ் பரிசையும் வென்றது.

எங்கிருந்து தொடங்க? 2024-ல் வந்த 'லைவ் இன் டப்ளின்' நேரடிப் பதிவிலிருந்து. சொந்த ஊரில், விகார் ஸ்ட்ரீட் அரங்கில் வாசித்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் சனத்தின் சத்தமும் சேர்ந்து வருவதால் முதல் முறை கேட்பவருக்கு அவ்வளவு இருட்டாக இருக்காது. அது பிடித்தால் 'ஃபால்ஸ் லங்கம்' போங்கள். 70 நிமிடம், 12 பாட்டு. ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும் என்பதால் ஷஃபிளில் போடாதீர்கள். ஃபோன் ஸ்பீக்கரும் வேண்டாம், அந்த அடிச்சுருதி அதில் வரவே வராது.