பையன் வாத்து வளர்க்கணும்னு சொன்னா திட்டாதீங்கம்மா, கணக்கு கேளுங்க

அம்மா, உங்க மெசேஜ் ரெண்டு தடவ படிச்சேன். கலவை பக்கத்துல ஊரு, பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான், மார்க்கும் மோசமில்ல, நீங்களும் அவங்க அப்பாவும் இன்ஜினியரிங் கவுன்சிலிங் போடலாம்னு இருக்கீங்க, அவன் வாத்துப்பண்ணை வெக்கிறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். "வாத்து மேய்க்கவா இவன இவ்ளோ படிக்க வெச்சோம்"னு கேட்டிருக்கீங்க, அந்த வேதனை எனக்கு நல்லா புரியுது, என்கிட்ட வர்ற முக்காவாசி பெத்தவங்க கேக்குறது இதே மாதிரி கேள்விதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இத படிப்பா வாத்தான்னு ரெண்டுல ஒண்ணா ஆக்காதீங்க. 20 வாத்து வளர்க்கிறதுக்கு காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும், நடுவுல வீட்ல இருக்கிறவங்க ஒரு கண்ணு வெச்சிக்கிட்டா சரி, காலேஜ் போயிட்டே பண்ணலாம். ஆனா அட்மிஷன் தேதிய மட்டும் விட்றாதீங்க, அது போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. அவன்கிட்டயும் இதேதான் சொல்லுவேன், வாத்து வேணாம்னு சொல்ல மாட்டேன், வாத்த நம்பி படிப்ப விடுன்னும் சொல்ல மாட்டேன்.

இப்ப கணக்குக்கு வருவோம், அவன பக்கத்துல உக்கார வெச்சு நோட்டுல எழுத சொல்லுங்க. நம்ம பக்கம் இருக்கிற நாட்டு வாத்து, அதான் ஆரணி வாத்து, சன்னியாசி, கீரின்னு சொல்லுவாங்களே, அதெல்லாம் சுமாரா வருஷத்துக்கு 120 முட்டை வெக்கும்னு வெச்சிக்கோங்க. 20 பெட்டைக்கு 2400 முட்டை. முட்டை 10 ரூபான்னு பேச்சுக்கு போட்டா 24,000, மாசம் 2,000. இப்ப தீவனம். முட்டை வெக்கிற வாத்து ஒண்ணு நாளைக்கு 120, 130 கிராம் தின்னும், 20 வாத்துக்கு ரெண்டரை கிலோ, மாசத்துக்கு 75 கிலோ, கிலோ 30 ரூபான்னா 2,250. பாத்தீங்களா, முழுத்தீவனமும் கடைல வாங்கி போட்டா கையிலேர்ந்துதான் போகும். காக்கி கேம்பல்னு ஒரு ரகம் இருக்கு, நல்லா பாத்துக்கிட்டா வருஷம் 300 வரைக்கும் வெக்கும், 250ன்னு கம்மியா போட்டா கூட அதே தீவனச் செலவு போக மாசம் 1,900 சொச்சம் நிக்கும். விலையெல்லாம் உங்க ஊர்ல விசாரிச்சு மாத்தி போட்டுக்கோங்க, ஆனா கணக்கோட போக்கு இதான். அப்ப சின்ன அளவுல வாத்து லாபம் தர்றது மேய்ச்சல்லதான், அறுவடை முடிஞ்ச வயல்ல சிந்தின நெல்லு, நத்தை, புழு, ஏரி ஓரத்து பூச்சி, வீட்டு மிச்சம், கொஞ்சம் அசோலா, அதான் தண்ணில மிதந்து வளர்ற பாசி மாதிரி தீவனச் செடி. காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி பெரிய ஏரி பாயுற ஊர்ங்க நம்மளது, சம்பா நவரை சொர்ணவாரின்னு மூணு பட்டம் நெல்லு நடுற நிலத்துல இந்த மேய்ச்சல் கிடைக்கிறது பெரிய விஷயம். அதனாலதான் காலங்காலமா வாத்துக்கிடை போடுறவங்க அறுவடை எங்க நடக்குதோ அங்க போயிட்டே இருந்தாங்க. உங்க பையன் ஊர் விட்டு ஊர் போக வேணாம், ஆனா பக்கத்து வயல்காரங்ககிட்ட முறையா கேட்டுட்டுதான் இறக்கணும், அது பேசத் தெரிஞ்ச பையன்தானான்னு நீங்கதான் பாக்கணும்.

இன்னொண்ணு, விக்கிறதுக்கு முட்டைன்னா ஆண் வாத்தே தேவையில்ல, அது இல்லாமலே பெட்டை முட்டை வெக்கும். குஞ்சு பொரிக்கணும்னாதான் ஆறேழு பெட்டைக்கு ஒரு ஆண். இது தெரியாம பாதி பாதி வாங்கிட்டு வந்து சும்மா தீனி போடுறவங்க நிறைய பேர்.

யாருக்கு விக்கிறதுன்னு கேட்டீங்க. வேலூர்ல இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்காளம், வங்கதேசம், அசாம் பக்கத்துலேர்ந்து எவ்ளோ பேர் வந்து மாசக்கணக்குல தங்குறாங்க, அவங்களுக்கு வாத்து முட்டைன்னா உசுரு. ஆஸ்பத்திரிய சுத்தி இருக்கிற பெங்காலி மெஸ்ல போய் பையனையே கேக்க சொல்லுங்க, நீங்க போகாதீங்க. வாரத்துக்கு எத்தன முட்டை எடுப்பீங்க, என்ன விலைக்கு எடுப்பீங்கன்னு நாலு கடை ஏறி எறங்கி எழுதிட்டு வந்தான்னா அவன் சீரியஸா இருக்கான்னு அர்த்தம். போக கூச்சப்பட்டான்னா முட்டை எப்படி விப்பான்.

வளர்ப்பு பத்தி அவனுக்கு தெரியுமான்னு பாக்க ஒண்ணு கேளுங்க, வாத்துக்கு குளம் வேணுமான்னு. வேணாம். நீந்தாமலே வளரும். ஆனா குடிக்கிற தண்ணி அஞ்சாறு அங்குலம் ஆழமா இருக்கணும், அலகு முழுசா முங்கணும், இல்லன்னா மூக்கு அடைச்சுக்கும் கண்ணு கெடும். தீனி திங்கறத கொஞ்ச நேரம் நின்னு பாத்தா புரியும், ஒரு வாய் தவுடு அள்ளும், உடனே தண்ணிக்கு ஓடி அலகை அலசும், திரும்பி வந்து இன்னொரு வாய், தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவுல ஒரே ஈரக்கோடு போட்டு வெச்சிரும். அதனால தீனி பக்கத்துலயே தண்ணி, தீனிய பிசறி ஈரமா போடணும், அன்னைக்கு போட்டது அன்னைக்கே காலி ஆகணும். தங்குற இடம் மட்டும் காய்ஞ்சு இருக்கணும், வைக்கோலோ மரத்தூளோ போட்டு ஈரமானத அப்பப்ப எடுத்துறணும். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள்ள முட்டை வெச்சிரும், அதனால அதுக்கு முன்னாடி மேய விட்டா முட்டை ஏரில போயிரும். ராத்திரி பட்டி கெட்டியா இருக்கணும், நாயும் கீரிப்பிள்ளையும் ஒரே ராத்திரில மொத்தத்தையும் முடிச்சிரும்.

குஞ்சு வேணும்னா காக்கி கேம்பல் தானா அடை உக்காராது. நம்ம பாட்டிங்க கோழிய வெச்சுதான் பொரிக்க வெப்பாங்க, ஒரு கோழிக்கு பத்து பன்னெண்டு முட்டை, 28 நாள் ஆகும், கோழி முட்டைய விட ஒரு வாரம் கூட. கடைசி நாட்கள்ல முட்டை மேல லேசா தண்ணி தெளிப்பாங்க, வாத்து ஈர இறகோட வந்து உக்காருமே அந்த ஈரம் கோழிகிட்ட கிடைக்காதுல்ல, அதுக்காக.

இத கண்டிப்பா அவன்கிட்ட சொல்லுங்கம்மா, நம்ம ஊர்ல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புண்ணாக்கு சல்லிசா கிடைக்குதுன்னு அள்ளிப்போட்டுராத. பூஞ்சை புடிச்ச புண்ணாக்குலயும் மக்காச்சோளத்துலயும் இருக்கிற அஃப்லாடாக்சின் விஷம் கோழிய விட வாத்த சீக்கிரம் கொன்னுரும், கல்லீரல்ல அடிக்கும், என்ன ஏதுன்னு பாக்குறதுக்குள்ள வரிசையா சாயும். மணம் மாறின தீவனம் குப்பைக்குத்தான். அதே மாதிரி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலை கழிவு கலந்த தண்ணில வாத்த இறக்கவே கூடாது, அந்த முட்டைய தின்னப்போறது நம்ம புள்ளைங்கதான். வாத்துக்கு நோயே வராதுன்னு சொல்லுவாங்க, அதுவும் முழு உண்மை இல்ல. மூணு நாலு வாரத்துல காலராவுக்கு, எட்டுலேர்ந்து பன்னெண்டு வாரத்துக்குள்ள வாத்து பிளேக்குக்கு ஊசி போடணும், பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல முன்னாடியே சொல்லி வைக்கணும். புது வாத்து வாங்கினா ரெண்டு மூணு வாரம் தனியா வெச்சு பாருங்க, கேரளால குட்டநாட்டுல 2014லயும் 2021லயும் பறவைக்காய்ச்சல் வந்து எவ்ளோ வாத்து அழிச்சாங்கன்னு பேப்பர்ல பாத்திருப்பீங்க.

இப்ப படிப்பு. அவனுக்கு பறவைங்க மேல உண்மையான ஆச இருக்குன்னா அதுக்கே படிப்பு இருக்குங்கம்மா, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. பிளஸ் டூல பயாலஜி எடுத்திருந்தா பி.வி.எஸ்சி., அதான் கால்நடை டாக்டர் படிப்பு, அஞ்சரை வருஷம், நமக்கு பக்கத்துல சென்னை வேப்பேரில 1903லேர்ந்து இருக்கிற காலேஜ், நாமக்கல்லயும் இருக்கு. மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான், அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதத்துக்குத்தான் நீட். கட்-ஆஃப் ரொம்ப உசரம், கிடைக்கலன்னா மனசு உடையாதீங்க, ஓசூர்ல கால்நடை பல்கலைக்கழகத்தோட கோழியின உற்பத்தி காலேஜ் இருக்கு, அங்க பி.டெக்., பவுல்ட்ரி டெக்னாலஜி நாலு வருஷம். படிச்சா குஞ்சு பொரிப்பகம், தீவன மில்லு, பெரிய பண்ணைன்னு வேலைக்கு போகலாம். எனக்கு கேட்டா உங்க பையனுக்கு இதுதான் முதல் விண்ணப்பம், இன்ஜினியரிங் அதுக்கு அப்புறம். படிப்பு எதுவா இருந்தாலும் முன்னாடி விரிஞ்சிபுரம் கே.வி.கே.ல, அதான் வேளாண் அறிவியல் நிலையத்துல போய் பயிற்சி எப்ப நடக்குதுன்னு கேட்டு பேர் குடுத்துட்டு வரட்டும்.

கடன் வேணாம். தேசிய கால்நடை இயக்கத்துல 50 சதவீத மானியம், 25 லட்சம் வரைக்கும்னு யாராவது வந்து ஆச காட்டுவாங்க, திட்டம் உண்மைதான், ஆனா அது ஆயிரம் தாய்ப்பறவை வெச்சு குஞ்சு பொரிப்பகத்தோட நடத்துறவங்களுக்கு, 20 வாத்து புள்ளைக்கு இல்ல. குஞ்சு நாங்களே தர்றோம், முட்டைய நாங்களே எடுத்துக்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கன்னு வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க, 2012ல ஈமு கோழில கொங்கு பக்கம் எத்தன குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும்.

நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு எழுதியிருந்தீங்க. கையில ஒரு டிகிரியும் சொந்தமா சம்பாதிக்கிற பழக்கமும் இருக்கிற பையனுக்கு குடுப்பாங்கம்மா, எட்டு வருஷம் கழிச்சு வர்றத இப்பவே நெஞ்சுல சுமக்காதீங்க. அவங்க அப்பாகிட்டயும் சொல்லுங்க, சொந்தக்காரங்க முன்னாடி அவன வாத்துக்காரன்னு கிண்டல் பண்ண வேணாம்னு, அந்த வயசு பசங்க அதுக்கே வீம்புக்கு படிப்ப விட்ருவாங்க.

மே மாசத்துல மட்டும் குஞ்சு வாங்கிராதீங்க, வேலூர் வெயில் தெரியும்ல, பெரிய வாத்தே மூச்சு வாங்கும். ஆகஸ்ட் கடைசி செப்டம்பர்ல வாங்கினா முதல் மூணு நாலு வாரம் பல்பு போட்டு சூடு குடுத்து பட்டில வெச்சிருக்கலாம், மழைக்கு ஏரி நெறைய ஆரம்பிக்கும், தை மாச அறுவடைக்கு மேய நல்லா வளந்திருக்கும், அஞ்சாறு மாசத்துல முட்டைக்கு வந்துரும். அதுக்குள்ள காலேஜும் தொறந்திருக்கும். அவன் பிளஸ் டூல என்ன குரூப்புன்னு நீங்க எழுதல, அத மட்டும் எனக்கு அனுப்புங்க, எதுக்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்னு நானே வரிசைப்படுத்தி தர்றேன்.