அமெரிக்க அதிபர்கள் தேர்தல் வாக்குறுதியை ஏன் காப்பாற்றுவதில்லை? எல்லோருமே பொய்யர்களா?

பாதி ஆமாம். மீதிக்குக் காரணம், கஜானா சாவி காங்கிரஸிடம், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. பயங்கரவாதிகள் என்று சந்தேகித்துப் பிடித்தவர்களை அடைக்க, கியூபாவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் குவாண்டனாமோ சிறையையே பாருங்கள். பதவியேற்ற இரண்டே நாளில், 2009 ஜனவரி 22 அன்று, ஓராண்டுக்குள் அதை மூடச் சொல்லி ஒபாமா கையெழுத்திட்டார். அதற்குக் கேட்ட 8 கோடி டாலரை மே மாதம் காங்கிரஸின் மேலவையான செனட் 90-6 என்று மறுத்துவிட்டது. இத்தனைக்கும் அங்கே பெரும்பான்மை அவருடைய ஜனநாயகக் கட்சிக்குத்தான்! கைதிகளை நம் மாநிலத்துக்குக் கொண்டுவந்தால் ஓட்டு போய்விடுமே என்று செனட்டர்களுக்குப் பயம். அப்புறம் அமெரிக்க மண்ணுக்கே கொண்டுவரக் கூடாதென்று சட்டமும் போட்டார்கள். ஒபாமா மீதும் தவறு உண்டு. கைதிகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமலே கெடு வைத்துவிட்டார். 2018-இல் டிரம்ப், சிறை நீடிக்கும் என்று உத்தரவிட்டார். பைடனும் மூட விரும்புவதாகச் சொன்னார்; மூடவில்லை.