மலேசியத் தோட்டப்புறத்தில் குளிர்காலம் எப்படி இருக்கும்? கடற்கரைப் பறவைகளைப் படமெடுக்க வரலாமா?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். டிசம்பர் கடைசியில் சிலாங்கூரில் உறவினர் வீட்டுக்கு வருகிறாராம். கையில் கேமரா இருக்கிறது. அங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டா, கடலோரத்தில் படமெடுக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார்.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் பிறந்து வளர்ந்தவள். 2007இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. சுற்றிலும் தோட்டங்கள், நடுவில் இரண்டு வரிசைக் கடை, பக்கத்தில் சிலாங்கூர் ஆறு. அந்த ஆறு கடலில் சேருகிற கோலசிலாங்கூருக்குக் காரில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஆலையில் லோரி எடை போடும் இடத்தில் கிராணியாக, கணக்கெழுதுபவளாக இருக்கிறேன். ஓய்வு நாள் காலையில் பெரும்பாலும் கடற்கரைச் சேற்றோரம்தான் இருப்பேன்.

முதலில் ஸ்வெட்டரை எடுத்து வெளியே வையுங்கள், தேவைப்படாது. டிசம்பர் விடியற்காலையில் 23 டிகிரி இருந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான் குளிர். தீபாவளியை ஒட்டி மழை கொட்டும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியும் ஈர வாசலும் காயாத கோலமாவும். பொங்கலுக்குப் பிறகு மேற்குக் கரையில் மழை மெல்ல விலகும், தைப்பூசத்துக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்.

ஆனால் குளிர்காலமே இல்லை என்று சொன்னால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பால்மரம் வெட்டிய ஆள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். மரம் நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் மழை நாளில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்தே ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அப்புறம் பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரங்கள் எல்லாம் ஒன்றாகச் சிவந்து, பழுத்து, இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பால் குறைந்துபோகும். துரைமார் அதற்கு வைத்த பெயர் ‘விண்டரிங்’. லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயிலும் அந்தச் சொல் இருந்தது. எங்கள் குளிர்காலத்தைக் கூலி குறைவதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம் என்பார் அப்பா.

இப்போது இந்தப் பக்கம் செம்பனைதான் எங்கும். மலேசியாவில் வணிகத்துக்கென்று செம்பனை முதன்முதலில் நடப்பட்டதே 1917இல், எங்கள் ஊரையொட்டிய தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். செம்பனை இலையுதிர்க்காது, வருஷம் முழுக்க ஒரே பச்சை. ஆகவே குளிர்காலம் வந்ததை இப்போது மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பறவைகளைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அதற்குக் கடற்கரைக்குக்கூடப் போக வேண்டாம். டவுனில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடை வரிசைக்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். தகைவிலான் குருவிகள் மின்கம்பி முழுக்க உட்கார்ந்திருக்கும். வட ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஆகஸ்டிலிருந்து இறங்கத் தொடங்குபவை. தீபாவளிச் சாமான் வாங்கப் போகும்போதுதான் கூட்டம் கண்ணில் படும் என்பதால் எங்கள் வீட்டில் அதற்குத் தீபாவளிக் குருவி என்று பெயர். ஒன்றையொன்று கொத்த முடியாத அளவுக்கு இடைவெளி விட்டு, நூலில் கோத்த மாதிரி உட்காரும். கீழே நிறுத்திய கார் காலையில் வெள்ளையாகிவிடும், அதனால் சிலருக்குக் கோபம். அஞ்சடியில், கடை முன்னால் இருக்கும் நடைபாதையில், ஒரு கோப்பியோடு உட்கார்ந்து, கடை வெளிச்சத்தை வைத்தே எடுக்கலாம். வால் நுனியைக் கவனியுங்கள். இங்கே இருக்கும் மாதங்களில்தான் அவை இறகு மாற்றிக்கொள்ளும். டிசம்பரில் குட்டையாக இருக்கிற வால்கம்பிகள் மார்ச்சில் நீண்டு கூர்மையாகியிருக்கும். ஊருக்குத் திரும்பும் முன் புதுச் சட்டை எடுத்துக்கொள்வது போல.

சரி, கடற்கரை. கோலசிலாங்கூரிலிருந்து தெற்கே ஜெராம், சுங்கை ஜங்கூட், காப்பார் வரை நீளும் கரையில் மணல் குறைவு, சேறுதான். சுற்றுலா வருபவர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள். கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்புச் சேறு, மேலே தத்தித் திரியும் உளுவை மீன்கள், கெராங் என்கிற சிப்பி பொறுக்கும் ஆட்கள். இந்தச் சேற்றைத் தேடித்தான் சைபீரியாவிலிருந்து பறவைகள் வருகின்றன. ஆர்க்டிக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போகிற வான்வழி ஒன்று இருக்கிறது. 22 நாடுகளைத் தொட்டுப் போகும் அந்த வழியில் 5 கோடி நீர்ப்பறவைகள் போய் வருகின்றன என்று கணக்கிடுகிறார்கள். அதில் எங்கள் சேறு ஒரு சாப்பாட்டுக் கடை. புழு, நண்டு, சிப்பி எல்லாம் அங்கே உறைந்து கிடக்கும்போது இங்கே வெதுவெதுப்பான சேற்றுக்குள் உயிரோடு இருக்கின்றன.

எதெல்லாம் வரும் என்று பெரிய பட்டியல் போடலாம், வேண்டாம். மூக்கன், கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த மூக்குள்ள கரைப்பறவை), பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி வகைகள் கட்டாயம் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது செங்கழுத்துக் கொசு உள்ளான். ஒரு கோழிமுட்டையில் பாதி எடைகூடத் தேறுமா என்று சந்தேகப்படும்படியான உடம்பு. அது சைபீரியாவிலிருந்து பறந்து வந்து, நம் காலடியில் தையல் மிஷின் மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டு போவதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டைவால் மூக்கன் இனத்தில் ஒரு இளம் பறவை, முதுகில் செயற்கைக்கோள் கருவியோடு, 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. அதே இனம் எங்கள் கரையிலும் நிற்கிறது.

படமெடுப்பதில் நான் சொல்லக்கூடிய முக்கியமான விஷயம் ஒன்றுதான், அதுவும் கேமராவைப் பற்றியது இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி வந்து ஓரிரு நாளில் கடல் மிக உயரமாக ஏறும், மிகத் தூரம் வற்றும். வற்றிய நேரத்தில் போனால் பறவைகள் தொலைவில் புள்ளிகளாகத் தெரியும், எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. நீர் ஏறும்போது சேறு சுருங்கிக்கொண்டே வரும், பறவைகளும் நம் பக்கம் ஒதுங்கிக்கொண்டே வரும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். ஆகவே அமாவாசை பௌர்ணமியைச் சுற்றி, காலை எட்டிலிருந்து பத்துக்குள் உச்ச ஏற்றம் வருகிற நாளை நீர்மட்ட அட்டவணையில் தேடி எடுத்து, இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார வேண்டும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. விடுமுறையும் கிடைக்கும், கடலும் ஏறும். பத்துமலைக்கு முதல் நாள் இரவே போய்வந்துவிட்டு, மறுநாள் விடியலில் ஜெராமுக்குப் போன வருஷங்கள் உண்டு.

மேற்குக் கரையில் இன்னொரு வசதி, காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவைகள் எதிரே முழு வெளிச்சத்தில் நிற்கும். ஜனவரியில் சூரியன் ஏழரைக்குப் பக்கத்தில்தான் எழும்புகிறது, அதனால் மிக அதிகாலை ஓட்டமும் வேண்டாம். பத்தரைக்கு மேல் சேற்றிலிருந்து அனல் எழும்பிப் படம் தண்ணீருக்குள் எடுத்தது போல நெளியும். அப்போது கேமராவை மூடிவிட்டுப் பசியாறப் போய்விடுங்கள்.

உட்காரும் விதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தவறு. கேமரா வாங்கிய புதிதில், மூக்கன் கூட்டம் ஒன்றை நெருங்கிவிடலாம் என்று கரையிலிருந்து குனிந்து குனிந்து நடந்தேன். ஐம்பதடி போவதற்குள் கூட்டம் மொத்தமும் எழும்பிவிட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாம் சுற்றில் கடல்பக்கம் போய் மறைந்தது. வலை அலசிக்கொண்டிருந்த ஒரு மலாய் பாக்சிக் (பெரியவர்) என்னைப் பார்த்து, “டூடோக் டியாம். நந்தி டியா டாத்தாங்” என்றார். சும்மா உட்கார், அப்புறம் அதுவே வரும். இவ்வளவு தூரம் பறந்து வந்து இளைத்திருக்கும் பறவையைத் தின்ன விடாமல் விரட்டியிருக்கிறேனே என்று அன்று முழுக்க மனசு கேட்கவில்லை. திரும்பிப் போகும் முன் அவை உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கின்றன. அன்றிலிருந்து நான் எழுந்து நடப்பதே இல்லை. அலையாத்தி மரத்து வேருக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுவேன். தரையோடு தரையாக இருந்தால் பறவையின் கண்மட்டத்தில் படம் வரும், அதன் பயமும் குறையும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஜனவரிக் காலையில் ஒரு சின்னக் கோட்டான் எனக்கு இருபதடியில் வந்து நின்றது. வளைந்த மூக்கை வளைக்குள் பாதிக்குமேல் விட்டு, தலையைச் சாய்த்துத் திருகி, ஒரு நண்டை இழுத்தது. நண்டு முழுக்கச் சேறு. நேரே விழுங்கவில்லை. நாலடி நடந்து, நீர் தேங்கிய குழிக்குப் போய் இரண்டு தடவை அலசியது. அப்புறம் ஒரு காலைப் பிடித்து உதறியது, கால் கழன்று நண்டு தெறித்து விழுந்தது. மறுபடி எடுத்து இன்னொரு கால். கடைசியில் ஓடு மட்டும் மிஞ்சியதும் தலையைத் தூக்கிக் கடகடவென்று உள்ளே தள்ளியது. தொண்டையில் ஒரு மேடு இறங்குவது லென்ஸில் தெரிந்தது. எங்கள் பாட்டி நண்டு கழுவுகிற அதே நிதானம். எண்பது படம் எடுத்திருப்பேன். அலசும்போது மூக்கு நுனியிலிருந்து சொட்டும் நீர்த்துளியோடு ஒரே ஒரு படம்தான் தேறியது. அதைத்தான் அப்பா சட்டம் போட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

கருவி விஷயம் சுருக்கமாக. 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் இருந்தால் நல்லது. பறப்பதை எடுக்க வினாடியில் 2000இல் ஒரு பங்கு ஷட்டர் வையுங்கள். கறுத்த சேற்றில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், பளபளக்கும் ஈரச் சேற்றில் நிற்கும் கறுத்த பறவைக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொக்கு வெளிறிப்போகும், கறுத்த பறவை வெறும் நிழலாகிவிடும். இங்கே பெரிய எதிரி ஈரம். ஏர்கோன் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். காரில் கடைசி பத்து நிமிஷம் ஏர்கோனை நிறுத்தி ஜன்னலை இறக்கிவிடுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அரிசி டின்னில் வைக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அரிசித் தூசி லென்ஸுக்குள் போய்விடும். ஒரு வருஷம் மழைக்காலம் முழுக்கப் பையிலேயே விட்டுவிட்டு, பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த லென்ஸ் பிழைக்கவில்லை.

கோலசிலாங்கூரில் மெலாவத்தி குன்றில் வெள்ளிமுடிக் குரங்குகள் இருக்கின்றன. தாய் கறுஞ்சாம்பல், குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு. அழகான படம் கிடைக்கும். ஆனால் பயற்றங்காய், ரொட்டி கொடுத்து மடியில் ஏற்றிப் படமெடுக்கிற வேலை வேண்டாம். அது இலை தின்று வாழும் குரங்கு, அதன் வயிறு அதற்குத்தான் அமைந்தது. கம்போங் குவாந்தானில் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்கலாம். அங்கே கேமராவைப் படகில் கொண்டுபோகாமல் கண்ணால் மட்டும் பாருங்கள் என்பேன்.

காப்பாரில் மின்நிலையத்துச் சாம்பல் குளங்கள் இருக்கின்றன. கடல் முழுக்க ஏறிவிட்டால் பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே போய்த்தான் ஓய்வெடுக்கும். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, அது பறவைகளுக்கு நல்லதுதான்.

இன்னொரு வேண்டுகோள். எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கும்போது பறவையின் காலைப் பாருங்கள். சிலவற்றின் காலில் சின்ன நிறக்கொடி இருக்கும். எந்த நாட்டில், எந்தக் கரையில் பிடித்து அடையாளமிட்டார்கள் என்பதை அந்த நிறச் சேர்க்கை சொல்லும். இடமும் தேதியும் குறித்து, 1940இலிருந்து இயங்கும் மலேசிய இயற்கைக் கழகத்தின் பறவைக் குழுவினருக்கு அனுப்புங்கள். ஜனவரியில் ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987இல் தொடங்கியது. அதில் தன்னார்வலராகக் கலந்துகொள்ளலாம். அப்பா இரண்டு வருஷமாக என்னோடு வருகிறார். மரக் கணக்கு எடுத்த பழக்கம், கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கண்ணாலேயே பிரித்துவிடுகிறார். நான் ஒரு தடவை எண்ணி முடிப்பதற்குள் அவர் இரண்டு தடவை எண்ணி, “ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, எழுதிக்கம்மா” என்பார்.

கடைசி வாரம் வருவதாகச் சொன்னீர்கள். டிக்கெட் போடும் முன் அந்த மாதம் அமாவாசையும் பௌர்ணமியும் என்றைக்கு என்று பாருங்கள். நாள் பொருந்தவில்லை என்றால் நாலு நாள் முன்பின் தள்ளிப் போடுங்கள். சேற்றுக்குப் பழைய சப்பாத்து ஒன்று எடுத்து வாருங்கள், நல்லதைப் போட்டுக்கொண்டு வந்தால் திரும்பக் கிடைக்காது. சாக்கு என்னிடம் இரண்டு இருக்கிறது.